அஞ்சறைப் பெட்டிக்குள் ஒரு விதைக்கடை

கேள்வி: மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சுவரோரமாக 1 மீட்டர் அகலத்துக்கு மண், அதிலும் பாதி கல். 2020-இல் காய்கறிக்குப் பட்ட பாடு போதும் என்று, 2021 மார்ச் 10-ஆம் தேதி மறுபடி லாக்டவுன் வந்ததுமே தக்காளி விதைத்தேன். முளைத்த நாற்றை எல்லாம் இரண்டே ராத்திரியில் குர்பா நத்தை தின்றுவிட்டது. விதைக்கடைக்குப் போக வழியில்லை. சீக்கிரம் கைக்கு வருவதுபோல் என்ன போடலாம்? பக்கத்து வீட்டு அக்கா சுவர்மேல் முருங்கைக் கீரை வைத்துவிட்டுப் போகிறார். அதைத் தொடலாமா என்று மருமகள் பயப்படுகிறாள்.

பதில்: தக்காளி போனதற்கு ரொம்ப வருத்தப்படாதீர்கள். நத்தை விட்டுவைத்திருந்தாலும், விதைத்த நாளிலிருந்து முதல் பழம் பறிக்கக் கிட்டத்தட்ட 3 மாதம் ஆகியிருக்கும். இப்படிப்பட்ட நேரத்துக்கு என் கணக்கு இதுதான்: முதலில் இலை, காயெல்லாம் அப்புறம். காய்க்கு நல்ல வெயிலும் இடமும் பொறுமையும் வேண்டும். கீரைக்கு ஓட்டை போட்ட ஒரு பெயின்ட் வாளி போதும்.

2020 மார்ச் கடைசியில் சூப்பர்மார்க்கெட்டுகளையே மூடிவிட்டு, ஏப்ரல் 2 முதல் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி திறந்தார்களே, ஞாபகம் இருக்கும். நம்மவர்களில் பிள்ளை, ராமசாமி, வீரப்பன் எல்லாரும் ஓ முதல் இசட் வரையிலான கூட்டம்; புதனும் சனியும்தான் முறை. ஒரு புதன்கிழமை வெயிலில் நின்று உள்ளே போனால் கொத்தமல்லிக் கட்டு ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து ரசத்துக்கு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். தனியா அங்கேயே இருக்கிறது! இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் விவசாய யோசனை சொன்னவனுக்கு அது வரை தோன்றவே இல்லை.

ஆகவே விதைக்கு வெளியே போக வேண்டாம். வறுக்காத தனியா, வெந்தயம், கடுகு மூன்றிலும் பத்துப் பத்து எண்ணி எடுத்து, ஈரத்துணியில் தனித்தனியாக மடித்து வையுங்கள். வெந்தயமும் கடுகும் மூன்று நாளில் சொல்லிவிடும், தனியாவுக்கு பத்து நாள் வரை கொடுங்கள். பத்தில் ஆறாவது முளைத்தால் அந்த டப்பாவை நம்பி விதைக்கலாம். நான்குக்குக் கீழே போனால் குழம்புக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்தயத்தை முதலில் போடுங்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து, நெருக்கமாகத் தூவி, விரல் கனத்துக்கு மண் போட்டு மூடினால் 3 வாரத்தில் கீரை அறுக்கலாம். தனியாவுக்கு மட்டும் ஒரு வேலை உண்டு. அந்த உருண்டை ஒவ்வொன்றுக்கும் உள்ளே இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். பொடியாக்கிவிடக் கூடாது, பிளந்தால் போதும். ஊறவைத்து, மதியத்துக்கு மேல் நிழல் விழும் பக்கமாக விதையுங்கள். ஏப்ரலில் இன்னும் சூடு இருக்கிறது, முழு வெயிலில் வைத்தால் இலை கொடுப்பதற்கு முன்பே பூத்துவிடும். மே, ஜூனில் இங்கே குளிர்காலம் வந்த பிறகு போடுவது இன்னும் நன்றாக வரும். (கிரியோலில் 'கொத்தொமிலி', 'காரிபுலே' என்று கேட்டு வாங்கும்போதெல்லாம் நாம் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும்தான் கேட்கிறோம் என்பது பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். சொல்லிக் கொடுங்கள்.)

சமையலறை மூலையில் முளைவிட்ட சௌசௌ கிடந்தால் எறியாதீர்கள். முளை மேலே தெரியும்படி பாதி புதைத்து, சுவரில் ஒரு கம்பி கட்டி ஏற்றிவிடுங்கள். மேட்டு ஊரான கியூர்பிப் பக்கத்துக் குளிரில் காய்ப்பதுபோல் ரோஸ் ஹில்லில் காய்க்காமல் போகலாம், போகட்டும். கொடி நன்றாகப் படர்ந்த பிறகு நுனித் தளிரைக் கிள்ளினால் பிரெத் சூசூ, அதாவது சௌசௌக் கீரை, கிடைக்கும். பூண்டும் மஞ்சளும் கொஞ்சம் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்த பூயோனுக்கு (தண்ணிச் சாறுக்கு) அது போதும்.

குர்பாவுக்கு வருவோம். நான் ஒருமுறை கோபத்தில் பாத்தி ஓரமெல்லாம் உப்பைக் கொட்டினேன். நத்தை செத்தது, அந்த ஓரத்தில் அடுத்த ஆறு மாதம் எதுவும் முளைக்கவில்லை. சாம்பல் வளையம் காய்ந்த நாளில் உதவும், ஒரு தூறல் போட்டால் கரைந்துவிடும். டார்ச்சும் கையுறையுமாக ராத்திரி எட்டு மணிக்குமேல் போய்ப் பொறுக்குவதுதான் நம்பகமான வழி. முதல் வாரம் தினமும் போக வேண்டும், அப்புறம் குறையும். வெறுங்கையால் தொடாதீர்கள், மூளை வரை போகும் புழு ஒன்றை இந்த நத்தை சுமக்கக்கூடும். அதனால்தான் நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்கிறோம். இன்னொன்று: செடிக்குப் பிடித்துவைக்கும் தண்ணீர் வாளியை மூடி வையுங்கள். 2006-இல் வந்த சிக்குன்குன்யாவை நம் முழங்கால்கள் இன்னும் மறக்கவில்லை.

மருமகளுடைய பயத்துக்கு: கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றில் பரவுகிறது, கீரைக்கட்டில் இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது சுவரடியில் மாஸ்க் இல்லாமல் அரை மணி நேரம் கதை பேசுவதைத்தான். கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், உங்கள் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். கீரைக்கு சோப்பு, ப்ளீச் எதுவும் கூடாது. அது வயிற்றுக்குத்தான் கேடு.

அந்த அக்காவிடம் கீரையோடு ஒரு கொம்பும் கேளுங்கள். இளந்தளிர் வேண்டாம், மணிக்கட்டுக் கனத்தில் 1 மீட்டர் நீளம், முற்றிய கிளை. வெட்டிய முனையை இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, கல்லைப் பெயர்த்து எடுத்த குழியில் மூன்றில் ஒரு பங்கு புதையுங்கள். துளிர்த்து வளர்ந்ததும் உங்கள் நெஞ்சு உயரத்துக்கு மேல் போக விடாமல் ஒடித்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் கீரைக்கு ஏணி தேட வேண்டிவரும். நட்ட புதிதில் பாசமாகத் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடி அழுகிவிடும்.