பெயர் இரண்டு, இன்ஜின் ஒன்று: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடையில் எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனான் எல்.பி.பி. 2900 என்று இரண்டு லேசர் பிரிண்டர்கள் ஓடுகின்றன. 12ஏ கார்ட்ரிட்ஜ் இரண்டிலும் வேலை செய்கிறது. எச்.பி. சொந்தமாக எதையும் செய்வதில்லையா? அப்படியானால் கணினியில் போடும் டிரைவர் மென்பொருளை மட்டும் ஏன் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட வரவில்லை?
- ஜெராக்ஸ் கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: இரண்டிலும் இருப்பது கேனான் இன்ஜின். 1984-இல் வந்த முதல் லேசர்ஜெட்டே கேனானின் சி.எக்ஸ். இன்ஜினில்தான் ஓடியது. மறு ஆண்டே ஆப்பிளும் அதே இன்ஜினைத் தன் லேசர்ரைட்டரில் வைத்தது. லேசர், தாளை இழுக்கும் பிக்கப் ரோலர், டோனர் தூளைச் சூட்டில் ஒட்டவைக்கும் ஃபியூசர் எல்லாம் இன்ஜினைச் சேர்ந்தவை. கணினி அனுப்புவதை வாங்கி இன்ஜினுக்குச் சொல்லும் ஃபார்மேட்டர் போர்டும் அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர் மென்பொருளும் டிரைவரும் எச்.பி.யின் உழைப்பு. இதை வெறும் லேபிள் மாற்றல் என்று சொல்வது நியாயமில்லை. 1020-ஐ ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் அதற்கு ஃபர்ம்வேரை ஏற்றுகிறது. 2900-க்குப் புரிவது கேனானின் 'கேப்ட்' மொழி மட்டும். டிரைவர் மாறாததற்குக் காரணம் இதுதான்.

உங்களுக்கு இதில் லாபமே. கார்ட்ரிட்ஜையும் பிக்கப் ரோலரையும் எந்தப் பெயரில் மலிவாகக் கிடைக்கிறதோ அப்படி வாங்குங்கள். ஃபார்மேட்டர் போர்டை மட்டும் அந்தந்த மாடலுக்கே கேட்டு வாங்க வேண்டும். 12ஏ தருவது சுமார் 2,000 பக்கம், அதுவும் பக்கத்தில் 5 சதவீதம் எழுத்து இருந்தால். ரீஃபில் செய்பவர் கழிவு டோனர் அறையைக் காலி செய்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். அது நிரம்பினால் டோனர் வெளியே கொட்டித் தாளெல்லாம் கறையாகும்.

கேள்வி: பெரிய பிராண்டு லேப்டாப் வாங்கினேன். உள்ளே போர்டு வேறு கம்பெனியுடையது என்கிறார் மெக்கானிக். ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், ஏற்காடு

பதில்: இல்லை. தைவானின் குவாண்டா, காம்பால், விஸ்ட்ரான், இன்வென்டெக் போன்றவைதான் பல பிராண்டுகளுக்கு லேப்டாப் செய்து கொடுக்கின்றன. போர்டில் அச்சிட்ட எண் 'எல்.ஏ.' என்று தொடங்கினால் பெரும்பாலும் காம்பால், 'டி.ஏ.0' என்றால் குவாண்டா, '6050ஏ' என்றால் இன்வென்டெக். சர்க்யூட் படம் தேட மெக்கானிக்குக்கு மாடல் பெயரைவிட இந்த எண்தான் உதவும், குறித்துக் கொடுங்கள்.

லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. போர்டு ஒன்றுபோல் இருக்கிறதே என்று வேறு பிராண்டின் பயாஸை ஏற்றினால் கீபோர்டு, சார்ஜிங், ஃபேன் ஆகியவற்றைக் கவனிக்கும் சிப்போடு ஒத்துப்போகாமல் லேப்டாப் ஆன் ஆகாமலே போகலாம். உங்கள் பிராண்டின் தளத்தில், உங்கள் சீரியல் எண்ணுக்கு வருவதையே போடுங்கள். அடுத்த முறை சிறிய பிராண்டு வாங்குவதாக இருந்தால், அதன் தளத்தில் பயாஸ் புதுப்பிப்பும் பேட்டரியின் பார்ட் எண்ணும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பெயரை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அடாப்டரை உண்மையில் யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: லேபிளில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அதைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். எண்ணே இல்லாத அடாப்டரைத் தொடாதீர்கள்.