‘செக், ப்ளீஸ்!’ கேள்வி பதில்: இடிக்குப் பயந்த ஹாக்கிக்காரன்

என்கோசி உகாசு எழுதி வரைந்த ‘செக், ப்ளீஸ்!’ 2013இல் இணையத்தில் காமிக்ஸாகத் தொடங்கியது. 2018, 2020 என இரண்டு புத்தகங்களாகவும் வந்தது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஐஸ் ஹாக்கி அணியில் இரண்டு பையன்களுக்குள் வரும் காதல்தான் கதை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கதையின் முடிச்சுகள் சில கீழே அவிழும். முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

ஹாக்கி என்றாலே எனக்குத் தயான்சந்த்தான். ஐஸ் ஹாக்கி தெரியாமல் படித்தால் புரியுமா?

தாராளமாக. ‘செக்’ என்பது மட்டும் தெரிந்தால் போதும். பக், அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு, வைத்திருப்பவனைத் தோளாலோ இடுப்பாலோ இடித்துத் தள்ளுவது. விதிப்படி தப்பில்லை. அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் இது கிடையாது, 13-14 வயதுப் பிரிவில்தான் ஆரம்பம். நாயகன் எரிக் பிட்டில், எல்லாருக்கும் ‘பிட்டி’, ஜார்ஜியாக்காரன். ஃபிகர் ஸ்கேட்டிங்கிலிருந்து வந்தவன். முன்பு ஆடியதும் இடியே இல்லாத, ஆணும் பெண்ணும் கலந்த அணியில். வேகத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் யாராவது இடிக்க வருகிறான் என்றாலே சுருண்டுவிடுவான்.

காதல் கதைக்கு விளையாட்டு எதற்கு? ஹாக்கிக்குப் பதில் கிரிக்கெட் என்று மாற்றினால் கதை நிற்காதா?

நிற்காது. அதனால்தான் இது எனக்குப் பிடிக்கும். கேப்டன் ஜாக் ஸிம்மர்மேன் பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் மகன். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல்.லுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பதற்றத்துக்கான மாத்திரையை அளவு மீறி எடுத்து, எல்லாம் கைநழுவிப்போய்க் கல்லூரிக்கு வந்தவன். முதலில் பிட்டியைக் கண்டாலே கடுகடுப்பான். பிறகு, இப்படியே விட்டால் அணிக்கு ஆபத்து என்று விடியற்காலையில் ஆளில்லாத ரிங்குக்கு, அதாவது ஐஸ் மைதானத்துக்கு, அவனை அழைத்துப் போகிறான். ஜாக் இடிப்பான், பிட்டி விழுவான், எழுந்து நிற்பான், மறுபடியும் இடி. காதல் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. ஆனால் எதற்குப் பயந்தானோ அந்தத் தொடுதலையே ஒருவன் நாள்தோறும் அவனுக்குப் பழக்கிவிடுகிறான். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால்தான் கட்டிப்பிடிக்கவே வழி!

நிறைய விளையாட்டுக் காதல் கதைகளில் ஆட்டம் வெறும் சீருடைதான். கழற்றி வைத்தாலும் கதை அப்படியே நடக்கும். அவற்றை நான் பாதியில் மூடிவிடுவேன்.

நான் கபடியை வைத்து இரண்டு பையன்களின் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆட்டமும் காதலும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன.

கபடியா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள்! தடுக்கும் அணியில் ‘லெஃப்ட் கார்னர்’ ஆட்டக்காரரும் பக்கத்து ‘லெஃப்ட் இன்’ ஆட்டக்காரரும் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள், இல்லையா? ஊரே சுற்றி நின்று பார்க்கும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதே இருவர் ஆட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் அப்படி நின்றால்? உங்கள் நாவல் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஒருநாள் ஒருவன் கையை ஒரு நொடி முன்னால் விட்டுவிடட்டும், பாடி வந்த ரெய்டர் தப்பிக்கட்டும். ஏன் விட்டான் என்று அணியில் எல்லாரும் கேட்பார்கள். அவனால் பதில் சொல்ல முடியாது. 30 நொடி ரெய்டுக்குள் ஓர் அத்தியாயமே எழுதலாம். ‘என் காதலே ஒரு கபடி’ மாதிரி வசனம் மட்டும் வேண்டாம்.

என் மகனுக்கு 15 வயது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கெட்ட வார்த்தையும் பீர் பார்ட்டியும் நிறைய உண்டு, காதல் காட்சிகள் அடக்கம்தான். நீங்களும் படித்துவிடுங்கள், பேச வசதியாக இருக்கும்.

கல்லூரி முடித்து என்.ஹெச்.எல். அணியில் சேர்ந்து, கோப்பை வென்ற கையோடு டிவி கேமரா முன்னால் ஜாக் பிட்டியை முத்தமிடுகிறானே, ரொம்ப சினிமாத்தனமாக இல்லையா?

சினிமாதான். நிஜத்தில் என்.ஹெச்.எல். அணியோடு ஒப்பந்தம் இருக்கும்போதே தன்பாலீர்ப்பாளர் என்று சொன்ன முதல் ஆட்டக்காரர் லூக் புரோகாப். 2021 ஜூலையில் சொன்னபோது வயது 19, நாஷ்வில் அணி தேர்ந்தெடுத்திருந்தது, லீக் ஆட்டம் ஒன்றிலும் இறங்கியிருக்கவில்லை. 2023இல் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவு காட்டும் வானவில் டேப்பை மட்டையில் சுற்றக்கூட லீக் தடை போட்டது. டிராவிஸ் டெர்மாட் என்ற ஆட்டக்காரர் அதை மீறி ஒட்டிக்கொண்டு ஆட, சில நாளில் தடையை விலக்கினார்கள். டேப்புக்கே இந்தப் பாடு என்றால் முத்தத்துக்கு? ஆனாலும் உகாசு சும்மா விடவில்லை. ஜாக்குக்குப் பெரிய குடும்பப் பெயர் இருக்கிறது, தாங்கிக்கொள்வான். பிட்டி இன்னும் வீட்டில் வாயே திறக்கவில்லை. பெற்றோருக்கு விஷயம் தெரிவது அந்த முத்தத்தால்தான். இந்த ஏற்றத்தாழ்வு சினிமா இல்லை.

நம் நாட்டில் இப்படி யாராவது?

தடகள வீராங்கனை டூட்டி சந்த், 2019 மே மாதம் தன் ஊர்ப் பெண் ஒருவரை விரும்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். தன்பாலின உறவு குற்றமில்லை என்று 377ஆம் பிரிவு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எதிர்ப்பு முதலில் வந்தது வீட்டிலிருந்துதான்.

எல்லாமே பையன்கள் கதை. பெண்கள் ஆடுகிற ஹாக்கியில் காதல் கிடையாதா?

நிஜமே இருக்கிறது. 2014 சோச்சி ஒலிம்பிக் இறுதியில் கனடா கேப்டன் கரோலின் வெலெட், எதிரணியான அமெரிக்காவில் ஜூலி சூ. ஆட்டம் முடிய மூன்றரை நிமிடம்கூட இல்லாதபோது கனடா 0-2 என்று பின்தங்கியிருந்தது. கடைசியில் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றது. கரோலினும் ஜூலியும் இணையர். 2017இல் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெண்கள் ஆட்டத்தில் ‘அணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்’ என்ற பழைய முடிச்சு அவ்வளவு தேவைப்படாது. தங்கத்தை ஒருத்தி கழுத்திலும் வெள்ளியை ஒருத்தி கழுத்திலும் போட்டு ஒரே வீட்டுக்கு அனுப்பினாலே கதை நடக்கும்.

முதல் புத்தகத்தை விட்டுவிட்டு நேராக இரண்டாவதைப் படிக்கலாமா?

வேண்டாம். ரிங்கில் நடக்கிற நல்ல காட்சிகள் முதலாவதில்தான் அதிகம். இரண்டாவதில் காதல் கூடுகிறது, ஹாக்கி குறைகிறது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.