பெண் மட்டும் போனால் போதாதா?

கேள்வி: என் மகன் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் கல்யாணம். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்குத்தந்தை, "திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு மூன்று நாள் போய்ச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் ஓலை (கோவிலில் படிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிப்பேன்" என்கிறார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெண் மட்டும் போய்வந்தால் போதாதா? கட்டணத்தை இரண்டு பேருக்கும் சேர்த்தே கட்டிவிடுகிறோம்.
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கடந்துபோக அது டோல்கேட் இல்லை ஐயா.

மண்டபத்துக்காக எத்தனை மாதம் முன்பே அலைந்திருப்பீர்கள்! பட்டு எடுக்கக் குடும்பமே வண்டி பிடித்துப் போயிருக்கும். அன்றைக்கு மகனுக்கு லீவு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

சாமியார்தான் கல்யாணத்தைச் செய்துவைக்கிறார் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கத்தோலிக்கரில் பெரும்பாலோர் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு முறையில், திருமணம் என்ற இந்த அருள்சாதனத்தை (இறையருள் தரும் சடங்கை) ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்வது மணமக்களேதான். குருவானவர் திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு ஏற்கிற சாட்சி. தாலி நம் வழக்கம், நல்ல வழக்கம், மந்திரித்துத்தான் (குருவானவர் ஆசீர்வதித்துத்தான்) கட்டுகிறோம். ஆனால் கல்யாணத்தை உண்டாக்குவது அந்த இருவரின் சம்மதம். அதை வேறெந்த மனித அதிகாரத்தாலும் ஈடுசெய்ய முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1057. அப்பாவால் முடியாது, ஆயராலும் (பிஷப்) முடியாது. "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்" என்று மைக்கில் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகுமா? என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லத்தான் மூன்று நாள் கேட்கிறார்கள்.

ஓலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஐரோப்பாவில், தனியாக இருக்கும்போது ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் "நான் எங்கே சொன்னேன்?" என்று வேறொருத்தியைக் கட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதற்கு முடிவுகட்டத்தான் ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல், பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாமல் கல்யாணம் இல்லை, அதற்கு முன் மூன்று திருநாள்களில் கோவிலில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. தடை ஏதும் தெரிந்தவர்கள் கல்யாணத்துக்கு முன்பே சொல்லக் கடமைப்பட்டவர்கள், இன்றும் அப்படித்தான். நம் ஊரில் ஓலை வாசித்தால் "இது யார் வீட்டுப் பையன்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதோடு சரி. விஷயம் தெரிந்தவர்கள் கல்யாணச் சாப்பாடு முடிந்து கைகழுவும் இடத்தில்தான் வாயைத் திறக்கிறார்கள். முதல் கல்யாணத்தை மறைத்தது, தீராத நோயை மறைத்தது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். இல்லறத்தையே குலைக்கக்கூடிய ஒன்றை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தத் திருமணம் செல்லாது என்கிறது சட்டம் 1098. அப்புறம் மறைமாவட்ட (ஆயரின் ஆளுகைப் பகுதி) நீதிமன்றப் படியேறி அழுதுகொண்டு நிற்பார்கள்.

வகுப்புகள் எல்லாமே பிரமாதம் என்று நான் சொல்லமாட்டேன். என் அக்கா மகள் போய்வந்த இடத்தில் ஒருவர் காலை முழுக்கத் தன் சிறுவயதுக் கஷ்டங்களையே பேசினாராம். ஆனால் கல்யாணமாகி முப்பது வருடமான ஒரு தம்பதி வந்து, சம்பளம் யார் கையில் இருக்கும், மாமியார் எங்கே இருப்பார், சண்டை போட்டால் யார் முதலில் பேசுவது என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அவளும் மாப்பிள்ளையும் பணத்தைப் பற்றி முதல்முறையாகப் பேசினார்களாம். நிச்சயம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது!

உங்கள் பங்குத்தந்தை மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. பத்திரிகை அடித்த பிறகு வகுப்புக்கு அனுப்பினால், அங்கே ஏதாவது நெருடினால்கூட எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? நிச்சயத்துக்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-லேயே திருமணத் தயாரிப்பைச் சிறுவயதிலிருந்து தொடங்கி மூன்று கட்டமாகச் சொன்னார். குருக்களுக்கும் துறவியருக்கும் பல ஆண்டுகள், மணமக்களுக்குச் சில வாரங்கள்தானா என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2022-இல் குறைப்பட்டுக்கொண்டார். நீங்கள் அந்த மூன்று நாளிலும் பேரம் பேசுகிறீர்கள்.

சரி, வழி கேட்டீர்கள். பெங்களூரிலும் மறைமாவட்டம் இருக்கிறது. அங்கே சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடக்கிறதா, அந்தச் சான்றிதழை ஏற்பாரா என்று பங்குத்தந்தையிடம் நேரில் போய்க் கேளுங்கள். ஏற்பார் என்றால் இரண்டு பேரையும் அங்கே அனுப்புங்கள். அதுவும் முடியாது என்றால் தேதியைத் தள்ளுங்கள். மண்டப அட்வான்ஸ் போனால் போகட்டும்.

இன்னொன்று. "பெண் மட்டும் போய்வந்தால் போதாதா" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெண்ணுக்கும் வேலை இருக்கிறதா, அவளுக்கு லீவு கிடைக்குமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.