சர்க்கரைப் புண்ணுக்கு கொலாஜன் ஷீட், கைட்டோசான் ஜெல் எல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

உங்கள் அம்மாவுக்கு உள்ளங்காலில் நாலு மாதமாகப் புண் ஆறவில்லை, கடைக்காரர் சொன்ன ஷீட் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்யும். ஆனால் எங்கள் வீட்டில் முதல் ஷீட் நாறிப்போனது. அதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

நான் டாக்டர் இல்லை. கடலூர் முதுநகரில் படகுகளுக்கு ஐஸ் போடுகிறவன். "வாட்ஸ்அப் வைத்தியம் பேச வந்துட்டான்" என்று கீழே எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். மூணு மாசம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டது நான்தான்.

அப்பா துறைமுகத்தில் முப்பது வருஷம் மீன் ஏலம் கூறியவர். ஏலத் தரையில் செருப்பு போட மாட்டார். ஒரு ராத்திரி பாயில் படுத்திருந்தபோது, பெருவிரலுக்குக் கீழே இறால் கொம்பு ஒன்று முறிந்து நிற்பதை என் மகள்தான் பார்த்தாள். எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. சர்க்கரை நரம்பை அடித்துவிட்டால் வலி தெரியாது. வலிக்கவில்லையே என்று நாங்களும் மஞ்சளை வைத்து விட்டுவிட்டோம் (திட்டுங்கள், பரவாயில்லை). பத்து நாளில் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி.

சிங்கப்பூர் அண்ணன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "இருக்கறதுலயே ஒசத்தி எதுவோ அதப் போடச் சொல்லு, காசு நான் அனுப்புறேன்" என்றார். ஒரு தனியார் கிளினிக்கில் அன்றைக்கே கொலாஜன் ஷீட். பையைக் கிழித்ததும் குப்பென்று ஸ்பிரிட் வாடை. சலைனில் அலசி எடுத்தால் நனைந்த அரிசி அப்பளம் மாதிரி இருந்தது. குழியின் மேல் அப்படியே ஒட்டி, கட்டுப் போட்டு, அஞ்சு நாள் பிரிக்காதீர்கள் என்றார்கள். மூணாம் நாளே வீடெல்லாம் நாற்றம். பிரித்துப் பார்த்தால் அடியில் சீழ் கட்டி, ஷீட் கொழகொழவென்று கரைந்து கிடந்தது.

பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த சர்ஜன் மேடம் ஷீட் பேச்சையே எடுக்கவில்லை. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுத் தொட்டுக் கேட்டார். 10 கிராம் அழுத்தம்தானாம், வளைந்துவிடும். கண்ணை மூடியிருந்த அப்பா ரெண்டு இடத்தில்தான் "உம்" என்றார். காலில் நாடி பார்த்தார், எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்புறம் ஓரத்துக் காய்ப்பையும் செத்த சதையையும் நல்ல ரத்தம் வரும்வரை சுரண்டினார். "உளுத்த பலகை மேல பெயிண்ட் அடிச்சா படகு கடலுக்குப் போவுமா பெரியவரே?" என்று அவர் கேட்டபோது, எனக்கு அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது.

நீர் வடிந்துகொண்டிருந்தவரை கடல்பாசியில் எடுக்கிற ஆல்ஜினேட் பஞ்சு வைத்தார்கள். வடியும் நீரைக் குடித்து ஜெல்லாகிவிடும், பிரிக்கும்போது சதையைப் பிய்க்காது. சீழ் அடங்கிய பிறகு முழங்கால் வரை மாவுக்கட்டு. எலும்பு முறியாமல் எதற்கு மாவுக்கட்டு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நடக்கும்போது பாரம் புண்மேல் இறங்காமல் பாதம் முழுக்கப் பரவத்தான் அது. ரெண்டாவது ஷீட் அதற்கப்புறம்தான். வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். பதினோராவது வாரம் தோல் மூடியது.

ஷீட் என்ன செய்கிறது என்பதை மகள் சொல்லித்தான் புரிந்துகொண்டேன், புதுச்சேரியில் பி.ஃபார்ம் படிக்கிறாள். ஆறாத சர்க்கரைப் புண்ணில் சில நொதிகள் அளவுக்கு மீறிச் சுரந்து, உடம்பு புதிதாகப் பின்னுகிற சதை நாரையே (அதுதான் கொலாஜன்) தின்றுவிடுமாம். ஷீட்டில் இருப்பதும் அதே நார்தான், பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுப்பது. நொதி அதைத் தின்னும் நேரத்தில் நம் சதை வளர்ந்துகொள்ளும். ஏலத்தில் பூனைகளுக்கு நாலு காரப்பொடி மீனை வீசிவிட்டு வஞ்சிரத்தைக் காப்பாற்றுவோமே, அது மாதிரி. ஆனால் சீழும் செத்த சதையும் கிடந்தால் எத்தனை காரப்பொடி வீசினாலும் பத்தாது.

கைட்டோசான் இறால், நண்டு ஓட்டில் எடுப்பது. ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றிப் போட்டு எடுக்கிறார்கள். ரத்தத்தை நிறுத்தும், கிருமியையும் ஓரளவு அடக்கும். அமெரிக்க ராணுவம் போர்க்களக் கட்டுக்கே அதைப் பயன்படுத்தியது. இதைச் சொன்னதும் அப்பா, "குத்துனதும் எறா, ஆத்துறதும் எறாவா?" என்றார். தயவுசெய்து யாரும் ஓட்டைக் காயவைத்து அரைத்துப் பூசாதீர்கள்.

ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். உயிருள்ள செல்களை வளர்த்துச் செய்த ஆப்லிகிராஃப் என்ற செயற்கைத் தோலுக்கு 2000-இல் அமெரிக்காவில் சர்க்கரைக் கால் புண்ணுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதன் சோதனையில் 12 வாரத்தில் அதைப் போட்டவர்களில் 56 சதவீதம் பேருக்குப் புண் முழுசாக மூடியது. சலைனில் நனைத்த வெறும் காஸ் துணி வைத்தவர்களில் 38 சதவீதம். ரெண்டு தரப்புக்குமே புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காலில் பாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த 38 சதவீதம் பேருக்குச் செய்த இந்த ரெண்டையும் முதலில் உங்கள் அம்மாவுக்குச் செய்து முடித்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஷீட் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. இன்று ராத்திரியே அம்மாவின் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஆணி, கல் ஏதாவது தட்டுப்படலாம்.

போன தை மாசம் அக்கா மகள் கல்யாணத்தில் அண்ணன் பந்தியில் உட்கார்ந்து, "நான் அனுப்புன ஷீட்டுலதான் அப்பா கால் தப்பிச்சுது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய காசில் வாங்கியது அந்த நாறிப்போன முதல் ஷீட். அப்பா பக்கத்து இலையில் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்போடு உட்கார்ந்து, "ரசம் கொண்டாங்கப்பா" என்றார்.