பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய லொறி: 18 அங்குலமா, 15 அங்குலமா?

முழங்கால் தட்டுது, 18 அங்குல விட்டமுள்ள ஸ்டியரிங் வளையத்தை மாத்தி 15 போடலாமான்னு எழுதிக் கேட்டிருக்கீங்க. 18-ஐக் கழற்றாதீங்க. 15 போட்டா, அதே வளைவுக்குக் கையில 20 சதவீதம் கூடுதல் பலம் வேணும். மரக்கறி மூட்டை ஏத்திக்கிட்டு ரம்பொடை மலை வளைவுல ஒடிக்கிற உங்களுக்கு அது பெரிய பாரம். சீட்டைப் பின்னால தள்ளிப் பாருங்க. முடியாட்டி 17, அதுல கூடுறது 6 சதவீதம்தான்.

இப்பவே இறுக்கமா இருக்குன்னும் எழுதியிருக்கீங்க. எனக்குக் கிங்பின் (முன் சில்லு இடம் வலமாத் திரும்புற ஆணி) மேலதான் சந்தேகம். சமதரையில பின் சில்லுக்குக் கட்டை வச்சு, முன் அச்சை ஜாக்கில தூக்கி, ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுத்துங்க. அப்பவும் பிடிச்சா, அச்சு தூக்கின நிலையிலேயே கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிங்க. முதல்ல கறுப்பா, துரு கலந்து வரும்; சுத்தமான கிரீஸ் பிதுங்குற வரை விடாதீங்க. கிரீஸ் உள்ள போற நிப்பிள் அடைச்சிருந்தா மாத்திடுங்க, பத்து வருஷமா கிரீஸே போகாத கிங்பின்னைப் பார்த்திருக்கேன். தூக்கினதும் லேசா சுத்தினா, முன் டயர்ல காத்து குறைஞ்சிருக்கான்னு பாருங்க.

எந்த அளவு வாங்கினாலும் நடுத் துளையின் பல் வரி உங்க ஸ்டியரிங் தண்டோட அப்படியே பொருந்தணும். சுத்தியலால அடிச்சு இறக்கினது இறக்கத்துல கழண்டா உயிர் போயிடும்.