மூலமட்டமும் மாமூலும்

அன்புள்ள ஐயா,

ஓசூரில், எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் வேலை செய்கிறேன். எங்களுக்கு நார்மலைசிங் தினப்படி வேலை. தர்மபுரியில் கல்லூரிக்குப் போகும் என் தங்கையோ எதற்கெடுத்தாலும் 'இதையெல்லாம் நார்மலைஸ் பண்ணாதே' என்கிறாள். அம்மா எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுவதற்கும் அதே வசனம். நார்மல் ஆவது நல்லதுதானே? தமிழில் 'இயல்பாக்கு' என்று எழுதினால் போதுமா?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஷாப்பிலிருந்தே வருகிறேன். ஃபோர்ஜிங், அதாவது சூட்டில் அடித்து வடிவமாக்குவது, முடிந்த எஃகில் கிரெய்ன் எனப்படும் நுண்மணிகள் தாறுமாறாக இருக்கும். 850, 900 டிகிரி வரை சூடேற்றி வெளியே எடுத்துக் காற்றில் ஆறப்போடுகிறீர்கள். எண்ணெயில் முக்குவதும் இல்லை, ஃபர்னஸுக்குள்ளேயே விட்டு ஆற்றுவதும் இல்லை. கிரெய்ன் சீராகிவிடுகிறது. இந்தச் சொல்லுக்கு வேராக இருக்கும் லத்தீன் 'நோர்மா'வே நம் தச்சர் செங்கோணம் பார்க்கக் கையில் வைத்திருக்கும் மூலமட்டம்தான். கோணல் போனதை மட்டத்துக்குக் கொண்டுவருவது முதல் பொருள். 1979 ஜனவரி 1 அன்று அமெரிக்காவும் சீனாவும் தூதரக உறவு தொடங்கியதற்கும் இதே வினைச்சொல்தான். ஒகேனக்கலில் வெள்ளம் வடிந்து பரிசல் ஓடத் தொடங்கினால் நம் பத்திரிகைகள் 'இயல்பு நிலை திரும்பியது' என்று எழுதுமே, அது.

தங்கை சொல்வது வேறு. அங்கே கோணல் அப்படியே இருக்கிறது, மூலமட்டத்தை அதற்குத் தகுந்தபடி வளைத்துவிடுகிறார்கள்.

என் பள்ளி நாட்களைச் சொல்கிறேன். தர்மபுரிப் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது வரம்பு. எங்கள் கிணறுகளுக்கு அது தெரியாது. எங்கள் பெஞ்சில் ஆறு பேர், ஐந்து பேருக்கு முன்பல்லில் பழுப்புக் கோடு. ஆறாவது பையன் வெளியூரிலிருந்து வந்தவன். அவன் பல்லைத்தான் நாங்கள் வேடிக்கை பார்த்தோம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013இல்தான் வந்தது.

அந்தக் கறையை யாரும் திட்டம் போட்டு நார்மல் ஆக்கவில்லை, தானாக ஆனது. அம்மா கடைசியில் சாப்பிடுவது அப்படியில்லை, அதை ஆக்கினவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை. நமக்கு 'ஆகு' வேறு, 'ஆக்கு' வேறு. செய்தவர் யார் என்று கேட்க வழி இருக்கிறது.

அதனால் 'இயல்பாக்கு' ஷாப்புக்குச் சரி. தங்கையின் வாக்கியத்துக்குச் 'சகஜமாக்காதே' என்பேன். சகஜமாவது எதுவரை போகும் என்றால், மாமூலைப் பாருங்கள். அரபியிலிருந்து வந்த சொல், பொருள் 'வழக்கமானது'. 'மாமூல் வாழ்க்கை' என்று இன்னும் சொல்கிறோம். ஆனால் சாலையோரக் கடைக்காரரிடம் போய் 'மாமூல்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், கை தானாகக் கல்லாப்பெட்டிக்குப் போகும்.

அப்புறம், சாப்பாட்டு விஷயத்தில் நான் தங்கை பக்கம். இன்று இரவு அம்மாவுக்கு நீங்கள் பரிமாறுங்கள்.

அன்புடன்.