நாலாவது குதிரை பச்சை

கேள்வி: எங்கள் ஊரில் நடந்த ஜெபக் கூட்டத்தில், பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் சிவப்புக் குதிரை கம்யூனிசம், கறுப்புக் குதிரை பெட்ரோல் என்று ஒரு போதகர் அடித்துப் பேசினார். அப்படியா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: கறுப்புக் குதிரைக்காரன் கையில் இருப்பது தராசு ஐயா, பெட்ரோல் கேன் இல்லை. கூடவே ஒரு குரல் விலை சொல்கிறது: ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, அல்லது மூன்று படி வாற்கோதுமை. அந்தப் ‘பணம்’ ரோமானிய தெனாரியம், கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ‘படி’ என்பது சுமார் ஒரு லிட்டர், ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாடு. பொழுதெல்லாம் செங்கல் சுமந்து, வாங்கிய கூலியை அப்படியே கொடுத்தால் தன் ஒரு வயிற்றுக்குத்தான் கோதுமை கிடைக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வாற்கோதுமைதான். எண்ணெயையும் திராட்சரசத்தையும் மட்டும் சேதப்படுத்தாதே என்கிறது அதே குரல். பஞ்சம் என்ற சொல்லே இல்லாமல் கடை விலையை வைத்தே பஞ்சத்தைக் காட்டிவிடுகிறார் அந்தப் புத்தகத்தை எழுதிய யோவான்.

சரி, சிவப்பு? இங்கே சிவப்புக் குதிரைக்காரன் பட்டயத்தோடு, அதாவது வாளோடு, வந்து பூமியிலிருந்து சமாதானத்தை எடுத்துப்போடுகிறான். கி.மு. 519இல் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி சகரியா கண்ட தரிசனத்திலும் ஒருவர் சிவப்புக் குதிரைமேல்தான் மிருதுச்செடிகளுக்கு நடுவே இருக்கிறார். பூமியைச் சுற்றிவந்து அவருக்குப் பின்னால் நிற்கும் குதிரைக் கூட்டம், எங்கும் அமைதி என்று சொல்கிறது. அவர்களும் கம்யூனிஸ்ட்களா?

வெள்ளையும் அப்படித்தான். 6ஆம் அதிகாரத்தில் வில்லோடு வருகிறவனும் 19ஆம் அதிகாரத்தில் ‘உண்மையும் சத்தியமுமுள்ளவர்’ என்னப்பட்ட கிறிஸ்துவும் ஏறியிருப்பது வெள்ளைக் குதிரை. இரண்டும் ஒருவரே என்பாரும் உண்டு, இல்லை என்பாரும் உண்டு. நான் இல்லை என்கிற கட்சி.

நாலாவது குதிரையைப் போதகர் என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது ‘மங்கின நிறம்’. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘குளோரோஸ்’. அதே சொல்லைத்தான் 8ஆம் அதிகாரத்தில் ‘பசும்புல்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது, பின்னால் நிற்பவர்கள் “என்ன பட்டுப்பா?” என்று எக்கி எக்கிக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை என்றால் வெள்ளாமைக்குக் குறைவில்லை என்று கும்பிடுவார்கள். யோவானின் பச்சை, பிணத்தின் முகத்தில் படரும் பச்சை. அந்தக் குதிரைக்காரன் கையில் எதுவும் இருப்பதாக அவர் சொல்லவில்லை. பெயரை மட்டும் சொல்கிறார்: மரணம்.